கை தூக்கி எண்ணிய கூட்டம்

சேர்மன் இருந்தார், நடுவில், உயரமான நாற்காலியில். அவருக்கு வலப்பக்கம் கமிஷனர் இருந்தார். இடப்பக்கம் மேனேஜர் தணிகாசலம் சார், முன்னால் தீர்மானப் புத்தகம். இன்ஜினியர் இருந்தார், பள்ளிக்கூட வரைபடத்தைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு. துணைச் சேர்மன் முதல் வரிசையில். அவருக்குப் பின்னால் முனியம்மா கவுன்சிலர், வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு. கலைச்செல்வி கவுன்சிலர் ஜன்னலோரம். மற்ற கவுன்சிலர்களும் வந்திருந்தார்கள். சேர்மனையும் சேர்த்து இருபத்தோரு பேர். ஒருவர்கூடக் குறையவில்லை, அது அபூர்வம். பார்வையாளர் பெஞ்சில் இரண்டு பேர். ஒருவர் ஹெட்மிஸ்ட்ரஸ் ஜெயந்தி டீச்சர். இன்னொருவர் காலனி நலச் சங்கத்துச் செயலாளர் ராகவன் சார், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தது. வெளியே வராண்டாவில் பெண் கவுன்சிலர்களின் வீட்டுக்காரர்கள். கதவுக்கு உள்பக்கம் நான்.

நான் சரோஜா. நகராட்சியில் அலுவலக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பியூன் என்றால்தான் நிறையப் பேருக்குப் புரியும். எந்த நகராட்சி என்று எழுதவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டியது, தலைக்கு மேல் விமானம் போகும், அவ்வளவு போதும்.

எனக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்த ரேவதி போன மாதம் வீட்டுக்கு வந்தாள். இப்போதெல்லாம் அஜெண்டா போனிலேயே போய்விடுகிறதாம். யார் வீட்டுக்கும் நடக்க வேண்டியதில்லையாம். "அக்கா, நீங்க சீட்டு கொண்டு போனதெல்லாம் சொல்வீங்களே, அத்த நம்ம ஊழியர் சங்கத்து மலருக்கு எழுதிக் குடுங்க" என்றாள். எழுதிப் பழக்கமில்லை என்றேன். "பேசற மாதிரியே எழுதுங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். கலைச்செல்வி அம்மாவிடம் போன் செய்து கேட்டேன். "எழுதுங்கக்கா. எங்க வூட்டுக்காரரே இப்ப அத்த சொல்லிச் சிரிக்கிறாரு" என்றார். அதனால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் நகராட்சியில் குடிநீர்ப் பிரிவில் பிட்டர். நெஞ்சுவலியில் போனார். அந்த வேலைக்குப் பதில் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். நான் எட்டாவது வரை படித்தவள். முதலில் கொசு மருந்துப் பிரிவில் போட்டார்கள், அப்புறம் பிறப்பு இறப்புப் பதிவில். இரண்டிலும் சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு மன்றப் பிரிவுக்கு வந்தேன். ஓய்வு பெறும் வரை அங்கேதான்.

மன்றப் பிரிவு என்றால் கவுன்சில் கூட்டம் நடத்தும் பிரிவு. கூட்டத்துக்கு முன்னால் அஜெண்டாவை ஒவ்வொரு கவுன்சிலர் வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். கவுன்சிலர் இல்லையென்றால் வீட்டில் இருக்கும் பெரியவர் யாராவது வாங்கலாம். கேட்டில் செருகக் கூடாது. கீழ்வீட்டில் கொடுக்கக் கூடாது. எனக்கு இது முதலில் தெரியாது. ஒரு கவுன்சிலர் வீடு பூட்டியிருந்தது. அந்தத் தெரு முனையில் இஸ்திரி போடுபவரிடம் கொடுத்து, அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தணிகாசலம் சார் அதைப் பார்த்தார்.

"இவர் எந்த வார்டு கவுன்சிலர்?"

"இஸ்திரிக்காரர் சார்."

"நல்லவரா?"

"நல்லவர்தான் சார்."

"நல்லது. போய் அஜெண்டாவை வாங்கிட்டு வந்து கவுன்சிலர்கிட்ட குடுத்துட்டு வாங்க."

போனேன். கவுன்சிலர் பெருங்களத்தூரில் மாமியார் வீட்டில் இருந்தார். பஸ் பிடித்துப் போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். ஆபீஸில் எல்லோரும் கிளம்பியிருந்தார்கள், அவர் மட்டும் இருந்தார். கையெழுத்தைப் பார்த்தார். ஃபேனை நிறுத்தினார். வீட்டுக்குப் போனார். அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. நானும் மறுபடி அப்படிச் செய்யவில்லை.

அவர் எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். கூட்டுகிறவர்களையும் அப்படித்தான். குரல் உயராது. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் செக்ஷனில் எல்லோரும் ஏதாவது ஃபைலை எடுத்துப் பிரித்துக்கொள்வோம். கூட்டத்தில் பொருள் படிப்பது அவர் வேலை. விமானம் மேலே வந்தால் நிறுத்துவார். சத்தம் போன பிறகு விட்ட வார்த்தையிலிருந்து படிப்பார். யாருக்கும் கேட்கவில்லை என்று பின்னால் சொல்ல முடியாது. கவுன்சிலர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவர் மேலே பார்த்துக்கொண்டிருப்பார்.

கூட்டம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். அவர் ஒரு பொருளைப் படிப்பார். குழாய் உடைப்பு சரி செய்த செலவு, தெருவிளக்கு, நாய் பிடிக்கிற வண்டிக்கு டயர். படித்து முடித்ததும் "ஆல் பாஸ்" என்று எல்லோரும் ஒன்றாகச் சொல்வார்கள், மேஜையைத் தட்டுவார்கள். அடுத்தது. சில பேர் அவர் எண்ணைச் சொன்னதுமே ஆல் பாஸ் சொல்லிவிடுவார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் வெளிநடப்பு செய்யும்போதுகூட, தங்கள் வார்டு ரோடு இருந்தால், கதவுப் பக்கத்திலிருந்து திரும்பி ஆல் பாஸ் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். நான் அந்தக் கூடத்தில் இருந்த காலத்தில் கை தூக்கி எண்ணியது ஒரு தடவைதான்.

சீட்டு விஷயம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். பெண்களுக்கு வார்டு ஒதுக்கிய பிறகு நிறையப் பெண்கள் ஜெயித்து வந்தார்கள். வீட்டுக்காரர்களும் கூடவே வந்தார்கள். முதல் கூட்டத்தில் ஒருவர் மனைவியின் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். மனைவி பின்னால் நின்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தணிகாசலம் சார் எழுந்து நின்றார். கமிஷனர் "ஆரம்பிக்கலாமே" என்றார். சார் நின்றார். சேர்மன் "என்ன மேனேஜர்?" என்றார்.

"கவுன்சிலர் அம்மா நிக்கறாங்க சார். அவங்க உக்காரட்டும்."

அந்த ஆள் எழுந்து வெளியே போனார். அன்றிலிருந்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் வராண்டாவில். உள்ளே வருவது நின்றது, சீட்டு வர ஆரம்பித்தது. நான் டீ எடுக்க வெளியே போகும்போது கையில் திணிப்பார்கள். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், கல்யாணப் பத்திரிகை ஓரம், சிகரெட் அட்டை. எங்கள் வார்டு விளக்கைக் கேள், இதை எதிர்த்துப் பேசு, பேசாமல் இரு. டீ சாஸருக்கு அடியில் வைத்துக் கொடுப்பேன். கொண்டு போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் கொண்டு போனேன். சில பேர் படித்துவிட்டு அப்படியே பேசுவார்கள். முனியம்மா கவுன்சிலர் படிக்காமல் கிழிப்பார். அவர் இட்லிக் கடை வைத்திருந்தவர். "அந்தாளுக்கு இன்னா தெரியும்? மாவு அரைக்கத் தெரியுமா?" என்பார். அடுத்த கூட்டத்திலும் அவர் வீட்டுக்காரர் எழுதிக் கொடுப்பார். அவரும் விடவில்லை, இவரும் விடவில்லை.

கலைச்செல்வி கவுன்சிலர் படித்துவிட்டு, மடித்து, கைப்பையில் வைத்துக்கொள்வார். பிறகு சீட்டில் இருப்பதைச் செய்வார். அவர் வீட்டுக்காரர் பாஸ்கர் கட்டட கான்ட்ராக்டர். அந்த ஊர்ப் பழைய குடும்பம். நிலம் இருந்தது, விற்றார்கள், இப்போது மற்றவர்கள் நிலத்தில் கட்டிக் கொடுக்கிறார்கள். பாஸ்கர் நல்ல மாதிரிதான். பார்த்தால் அக்கா என்பார். தீபாவளிக்கு ஸ்வீட் கொடுப்பார்.

இனி பள்ளிக்கூடம். எங்கள் நகராட்சி நடுநிலைப் பள்ளி ஓட்டுக் கட்டடம். இன்ஜினியர் வந்து பார்த்து, இதில் பிள்ளைகள் உட்காரக் கூடாது என்று எழுதிவிட்டார். பிள்ளைகளைப் பக்கத்தில் இருந்த சமுதாயக் கூடத்துக்கு மாற்றினார்கள். அது நகராட்சி வாடகைக்கு விடுகிற கூடம். முகூர்த்த நாளில் கல்யாணம் இருக்கும், அன்று பள்ளிக்கூடம் லீவு. மறுநாள் பிள்ளைகள் வரும்போது மேடையில் மாப்பிள்ளை பெண் பெயர் அட்டையில் வெட்டி ஒட்டியது அப்படியே இருக்கும். அதற்குக் கீழே கரும்பலகையைச் சாய்த்துப் பாடம் நடத்துவார்கள். கவுன்சிலர்கள் ஒருநாள் பார்க்கப் போனார்கள், நான் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். ஜெயந்தி டீச்சர் சேர்மனிடம் சொன்னார்: "சார், எங்க பிள்ளைங்களுக்கு வாய்ப்பாடு தெரியுதோ இல்லையோ, இந்த வருஷத்து முகூர்த்த நாள் எல்லாம் மனப்பாடம்."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. நாலாவதும் ஐந்தாவதும் ஒரே பாயில் முதுகோடு முதுகு உட்கார்ந்திருந்தன. கலைச்செல்வி அம்மா குனிந்து ஒரு பெண்பிள்ளையிடம் என்னவோ கேட்டார். அது பதில் சொன்னது. என்ன என்று எனக்குக் கேட்கவில்லை.

புதுக் கட்டடத்துக்குப் பாதி பணம் அரசாங்கம் தரும். மீதியை நகராட்சி கடன் வாங்க வேண்டும். அரசு நிதி நிறுவனம் கடன் கொடுக்கும், பதினைந்து வருடம் தவணை. கடன் வாங்குகிறோம் என்று கவுன்சில் தீர்மானம் போட வேண்டும். கெடுவுக்குள் போடாவிட்டால் அரசாங்கப் பாதியும் வேறு ஊருக்குப் போய்விடும். பள்ளிக்கூடத்தை மூடி, பிள்ளைகளை ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு சேர்ப்பார்கள். அந்த ரோட்டையும் ரயில் லைனையும் தாண்டிப் போக வேண்டும். பெரியவர்களே கை காட்டிக்கொண்டு ஓடுகிற ரோடு அது. "பாதிப் பொம்பளப் பிள்ளைங்கள நிறுத்திடுவாங்க" என்று டீச்சர் சொன்னார். என் மகள் வயிற்றுப் பேத்தி அங்கே மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். காலையில் வேலைக்குப் போகும்போது நான்தான் விட்டுவிட்டுப் போவேன்.

மனை வாங்கி வீடு கட்டிப் பிற்பாடு குடிவந்த காலனிக்காரர்கள் கடன் வேண்டாம் என்றார்கள். அவர்கள் சொன்னதையும் சொல்ல வேண்டும். ராகவன் சார் ஆபீஸுக்கு வந்து மேனேஜர் சாரிடம் பேசியபோது நான் இருந்தேன். "நாங்க ஸ்கூல் வேண்டாம்னு சொல்லலை சார். டிரெய்னேஜ் லோனே இன்னும் முடியலை. எங்க தெருவுல இன்னைக்கும் லாரித் தண்ணிதான். இந்த லோனையும் ஹவுஸ் டாக்ஸ்ல தானே ஏத்துவீங்க? பென்ஷன்ல எவ்வளவுதான் கட்டறது?" என்றார். பொய் ஒன்றும் இல்லை. எங்கள் தெருவிலும் லாரித் தண்ணீர்தான்.

முதல் தடவை இந்தப் பொருள் கூட்டத்துக்கு வந்தபோது ஒரு கூத்து நடந்தது. அஜெண்டாவில் கடைசிப் பொருளாக இருந்தது. அன்று ஒரு கவுன்சிலர் பேத்தி காதுகுத்துக்கு எல்லோருக்கும் பிரியாணி சொல்லியிருந்தார். வாசனை உள்ளே வந்துவிட்டது. சார் படிக்கப் படிக்க ஆல் பாஸ், ஆல் பாஸ். கடைசிப் பொருளை எடுத்தார். மேலே விமானம். நிறுத்தினார். எல்லோருக்கும் பசி. அவர் மறுபடி வாயைத் திறப்பதற்குள் ஆல் பாஸ் என்று சொல்லிவிட்டார்கள். முதலில் சொன்னது துணைச் சேர்மன். கடன் வேண்டாம் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தவர் அவர். கையில் பிரியாணித் தட்டோடு இருந்தபோது இன்ஜினியர் போய்க் கைகொடுத்தார். "ரொம்ப தேங்க்ஸ் சார், ஸ்கூல் சப்ஜெக்டை ஒரே அடியா பாஸ் பண்ணிட்டீங்க."

"எந்த ஸ்கூல்?" என்றார் துணைச் சேர்மன்.

கையில் இருந்த முட்டை அப்படியே நின்றது. ஆல் பாஸ் என்பது பழக்கத்தில் வந்துவிட்ட வார்த்தை. அன்று மாலையே காலனிப் பக்கத்து கவுன்சிலர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள், நாங்கள் சம்மதிக்கவில்லை, பொருளை முழுதாகப் படிக்கவே இல்லை என்று. சேர்மன் மேனேஜர் சாரைக் கூப்பிட்டார். "பாஸ்னு எழுதிடுங்க மேனேஜர். அவங்க வாயால சொன்னதுதானே?" என்றார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் இன்னும் படிக்கலை சார். படிக்காத பொருளை எப்படிப் பாஸ்னு எழுதறது?" என்றார். சாருக்கும் பள்ளிக்கூடம் வர வேண்டும் என்று இருந்தது. அது எனக்குத் தெரியும். இருந்தும் எழுதவில்லை.

சிறப்புக் கூட்டம் போட்டார்கள், ஒரே ஒரு பொருளுக்கு. ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும். இருபத்தோரு பேர், பதினோரு கை வேண்டும். ஊர்ப் பக்கத்து வார்டு, சேர்மனையும் சேர்த்துப் பத்து. காலனி வார்டு பத்து. கலைச்செல்வி அம்மா வார்டு பாதி ஊர், பாதி காலனி.

அஜெண்டா கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். பாஸ்கர் வாங்கிப் படித்தார். "வரட்டும், வரட்டும்" என்று சிரித்தார். கலைச்செல்வி அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார். கேட் வரை கூட வந்தார்.

"அக்கா, ராகவன் சார் நேத்து வந்தாரு."

"சரிம்மா."

"உங்க ஹஸ்பண்ட் பில்டர்னு எல்லாருக்கும் தெரியும், பாத்து ஓட்டுப் போடுங்கன்னுட்டுப் போனாரு. இவரு இன்ஜினியர் வூட்டுக்கு ரெண்டு தபா போயிட்டு வந்துட்டாரு. அந்த வேலைய எடுக்கணும்னுதான் கீறாரு. நான் கை தூக்கினா புருஷனுக்கு கான்ட்ராக்ட் வாங்கத் தூக்கினான்னுவாங்க. தூக்கலன்னா ஸ்கூல் பூடும். நான் இன்னாதான்க்கா பண்றது?"

"நான் தபால் குடுக்க வந்தேன்மா" என்றேன். அவர் கேட்டைச் சாத்தினார்.

கூட்டத்தன்று காலையில் மேனேஜர் சார் என்னைக் கூப்பிட்டார்.

"சரோஜா, இன்னைக்கு வராண்டாப் பக்கத்து ஜன்னலைச் சாத்திடுங்க. டீ உள்ளே போகலாம். சீட்டு போகக் கூடாது."

அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"யார் குடுத்தாலும் சார்?"

"யார் குடுத்தாலும். நமக்குச் சாதகமா குடுத்தாலும். ஒரு சீட்டு உள்ளே வந்ததுன்னு பெஞ்சில இருக்கறவர் பாத்தா மறுபடி மனு. மறுபடி கூட்டம் போட நாள் இல்லை."

ஜன்னலைச் சாத்தினேன். கண்ணாடி ஜன்னல். அடுத்து என்ன என்று கேட்டேன். "கதவுகிட்ட நில்லுங்க" என்றார்.

சார் பொருளை முழுதாகப் படித்தார். நடுவில் விமானம் போனது, நிறுத்திப் படித்தார். யாரும் ஆல் பாஸ் சொல்லவில்லை. பேச்சு ஆரம்பித்தது. துணைச் சேர்மன் வட்டியைப் பற்றிப் பேசினார். நன்றாகத்தான் பேசினார். வீட்டுக்கு வரி எவ்வளவு ஏறும் என்று கேட்டார். கமிஷனர் இப்போது சொல்ல முடியாது என்றார். பெஞ்சில் ராகவன் சார் தலையை ஆட்டிக்கொண்டார்.

முனியம்மா கவுன்சிலர் எழுந்தார். "உங்க பிள்ளைங்களுக்கு வேன் வருது, ஏசி வருது. அதுக்குக் கட்டற பீஸ யாராச்சும் கேட்டமா?"

"அக்கா, அது எங்க காசு" என்றார் பின்வரிசையில் ஒரு காலனி கவுன்சிலர்.

"வூட்டு வரி நானும்தான் கட்றேன். உன் தெரு பார்க்குல பவுண்டன் தண்ணி கொட்டுதே, அதுல என் இட்லிக் காசு கீது. நான் கேட்டனா?"

"அக்கா, பார்க் வேற."

"எது வேற? எல்லாம் ஒரே பொட்டிதான்."

சேர்மன் மணியடித்தார். டீ கொண்டு வரச் சொன்னார். நான் வெளியே போனேன். வராண்டாவில் புழுக்கம். வீட்டுக்காரர்கள் ஜன்னல் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரேயில் டீயை அடுக்கும்போது பாஸ்கர் பக்கத்தில் வந்தார்.

"இன்னாக்கா, ஜன்னல சாத்திட்டீங்க? பேஜாரா கீது."

"சார் சொன்னாருப்பா."

"சரி, இத்த மட்டும் கலைகிட்ட குடுத்துரு." மடிக்காமலே கொடுத்தார். ஒரு வார்த்தைதான் எழுதியிருந்தது. ஆதரவு.

"பேப்பர் உள்ள போகக் கூடாதுன்னுட்டாருப்பா."

"அக்கா, எதுத்து ஓட்டுப் போடுன்னா எழுதிக்கீறேன்? போடுன்னுதானே எழுதிக்கீறேன். உன் பேத்தி அங்கதானே படிக்குது? நாளைக்கு ஜி.எஸ்.டி. ரோட்ட தாண்டி நீயா வுட்டுகினு இருப்ப?"

அவர் சொன்னது சரிதான். சீட்டைப் பார்த்தேன். டிரேயில் இருந்த சாஸரைப் பார்த்தேன்.

"எடுத்துக்கோப்பா."

"சரி, வாயாலயாவது சொல்லு. ஒத்த வார்த்த."

"வாயால சொன்னாலும் அதேதான்."

"நீ ஒரு ஆளுக்கா" என்றார். கோபத்தில் சீட்டைக் கசக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

உள்ளே போனேன். ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு ஜன்னலோரம் வந்தேன். கலைச்செல்வி அம்மா சாஸரைத் தூக்கிப் பார்த்தார். கீழே ஒன்றும் இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். மெதுவாகக் கேட்டார்.

"அவரு ஒன்னும் குடுக்கலியா?"

நான் டிரேயை மறு கைக்கு மாற்றினேன்.

"இன்னாக்கா சொன்னாரு? சொல்லுங்க."

ஒரு வார்த்தை. சொன்னால் அவர் கை மேலே போகும். எப்போதும் சீட்டில் இருந்ததைத்தான் செய்திருக்கிறார். பெஞ்சிலிருந்து ராகவன் சார் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்காவிட்டால் சொல்லியிருப்பேனா என்று ரேவதி கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

"டீ ஆறுதும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனேன்.

டிரேயை வைத்துவிட்டுக் கதவருகே வந்து நின்றேன். கலைச்செல்வி அம்மா டீயைக் குடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாஸ்கர் என்னவோ வாயசைத்துக்கொண்டிருந்தார், கையைத் தூக்கிக் காட்டினார். கலைச்செல்வி அம்மா அதைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார்.

சேர்மன், "ஓட்டுக்கு விடறேன்" என்றார். "கடன் வாங்கறதுக்கு ஆதரவா இருக்கறவங்க கை தூக்குங்க."

கைகள் மேலே போயின. சேர்மனும் தூக்கினார். மேனேஜர் சார் எழுந்து, பேனாவால் ஒவ்வொரு கையாகக் காட்டி எண்ணினார். நானும் மனதுக்குள் எண்ணினேன். பத்து.

ஜன்னலோரம் கலைச்செல்வி அம்மா கை மெதுவாகத் தோள் வரை வந்தது. உடனே துணைச் சேர்மன் எழுந்தார்.

"ஆட்சேபணை சார். அந்த அம்மா ஓட்டுச் செல்லாது. அவங்க வீட்டுக்காரர் பில்டர். ஆதாயம் இருக்கிறவங்க ஓட்டுப் போடக் கூடாது, சட்டத்திலயே இருக்கு."

கை கீழே இறங்கியது. பெஞ்சில் ராகவன் சாரும் எழுந்தார். "கரெக்ட். அது—"

"பார்வையாளர் பேசக் கூடாது, உக்காருங்க சார்" என்றார் மேனேஜர் சார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "யாரும் கையை இறக்க வேண்டாம். எண்ணிக்கை நடந்துகிட்டு இருக்கு" என்றார்.

பத்துப் பேரும் கையைத் தூக்கியபடியே இருந்தார்கள். கமிஷனர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். சேர்மன் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு கையால் வியர்வையைத் துடைத்தார்.

"சீக்கிரம் பேசி முடிங்கப்பா, தோள்பட்ட பூடுது" என்றார் முனியம்மா கவுன்சிலர்.

மேனேஜர் சார், "இன்னைக்குப் பொருள் கடன் மட்டும்தான். டெண்டர் இன்னும் வரலை. ஆனா ஆட்சேபணை வந்திருக்கு, அதைப் புத்தகத்தில எழுதித்தான் ஆகணும்" என்றார். எழுதினார். அது எழுதினால் என்ன ஆகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். மனு போகும். கடன் கொடுக்கிறவர்கள் திருப்பி அனுப்புவார்கள். ஜெயந்தி டீச்சர் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார், கிளம்புகிற மாதிரி. ஆனால் எழுந்திருக்கவில்லை.

கலைச்செல்வி அம்மா எழுந்து நின்றார். அந்தக் கூடத்தில் சீட்டு இல்லாமல் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"நான் ஒன்னு சொல்லணும் சார்."

"அம்மா வெளியே போய்க் கேட்டுட்டு வரட்டும்" என்றார் காலனி கவுன்சிலர் ஒருவர். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"நான் சொன்னா அதையும் புஸ்தகத்துல எழுதுவீங்களா சார்?"

"சொன்னா எழுதுவேன்மா" என்றார் மேனேஜர் சார். "எழுதினா அப்புறம் அடிக்க முடியாது."

"அடிக்க வேணாம். எங்க வூட்டுக்காரர் இந்த ஸ்கூல் வேலைக்கு டெண்டர் போட மாட்டாரு. எழுதிக்கோங்க."

சத்தம் அடங்கியது. சார் எழுதினார். நின்றபடியே திருப்பிப் படித்தார். "எனது கணவர் மேற்படிக் கட்டடப் பணிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரமாட்டார் என உறுதி அளிக்கிறேன். சரியாம்மா?"

அவர் யோசித்தார். "அவரு தம்பியையும் சேத்துக்கோங்க சார்."

சார் சேர்த்தார்.

"என் தம்பியையும்."

கூடம் முழுக்கச் சிரித்தது. துணைச் சேர்மனும் சிரித்துவிட்டார். சார் சிரிக்காமல் எழுதி, மறுபடி படித்து, புத்தகத்தை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் கையெழுத்துப் போட்டார். சார் துணைச் சேர்மனைப் பார்த்தார்.

"உங்க ஆட்சேபணை இருக்கட்டுமா சார்?"

அவர் ராகவன் சாரைத் திரும்பிப் பார்த்தார். ராகவன் சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். துணைச் சேர்மன், "வேண்டாம், எடுத்துக்கறேன்" என்று உட்கார்ந்தார். சார் அதையும் எழுதினார்.

கலைச்செல்வி அம்மா உட்கார்ந்தார். கையைத் தூக்கினார். இந்தத் தடவை நேராக, முழுதாக.

வெளியே சத்தம் கேட்கவில்லை, கை மட்டும்தான் தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாஸ்கர் சந்தோஷத்தில் பக்கத்து ஆளின் முதுகில் தட்டினார். என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

"மறுபடி முதல்லேர்ந்து எண்ணறேன். யாரும் இறக்காதீங்க" என்றார் மேனேஜர் சார். சேர்மனிடமிருந்து ஆரம்பித்தார். ஒன்று என்று வாய்விட்டுச் சொன்னார். மேலே விமானம் வந்தது. நிறுத்தினார். பேனாவை அந்தக் கைக்கு நேரே பிடித்தபடி நின்றார். முனியம்மா கவுன்சிலர் தூக்கிய கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டார். சத்தம் போனது. இரண்டு என்றார். வரிசை வரிசையாக வந்தார். ஜன்னலோரம் வந்து பேனா நின்றது.

பதினொன்று.